நாய்தானே என்பவர்களுக்கு

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு கிரேஹவுண்டை ஒரு குடும்பம் எடுத்து வளர்க்கிறது. நாலைந்து ஆண்டில் அது இறந்துபோகிறது. வீட்டில் அதன் படத்தை மாட்டி, வருஷா வருஷம் அந்தத் தேதியில் பூப்போட்டு விளக்கேற்றுகிறார்கள். இதைச் சென்னை பட்டினப்பாக்கம் கடற்கரையில் காலை நடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள். ‘நாய்தானே சார், அதுக்குப் போயா?’ என்பார் ஒருவர். ‘காசு இருக்கிறவங்க செய்யுற வேலை’ என்று எம்.ஆர்.சி. நகர் அடுக்குமாடிகளைக் காட்டுவார் இன்னொருவர். வெள்ளைக்காரனிடம் கற்றுக்கொண்ட பழக்கம் என்று அடுத்தவர் தீர்ப்புச் சொல்வார். சீனிவாசபுரத்துப் பக்கம் கையை நீட்டி, ‘மனுஷன் செத்தாலே இங்க கேக்க நாதியில்ல’ என்றும் ஒரு குரல் எழும்.

கெட்ட எண்ணத்தில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. தெருநாய்க்குத் தினமும் பிஸ்கட் போடுகிறவர்களே இதைச் சொல்லக் கேட்கலாம். ஊரே ஒப்புக்கொண்ட கருத்து என்பதால் யாரும் இதை உரசிப் பார்ப்பதில்லை. உரசிப் பார்த்தால் சாயம் வெளுக்கிறது.

அந்த நாய் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஓய்வுபெற்ற கிரேஹவுண்டின் காதை மெல்ல மடித்துப் பார்த்தால், உள்பக்கத் தோலில் எண்ணும் எழுத்தும் பச்சை குத்தியிருக்கும். அமெரிக்கப் பந்தய நாய் என்றால் இடது காதில் அந்த ஈற்றின் பதிவு எண். வலது காதில் பிறந்த மாதம், பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம், அந்த ஈற்றில் எத்தனையாவது குட்டி என்பதற்கு ஒரு எழுத்து. ‘35 சி’ என்றிருந்தால் 2015 மார்ச்சில் பிறந்த மூன்றாவது குட்டி. பணம் கட்டுகிறவனை ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகக் குத்திய அடையாளம் இது. நாயின் நன்மைக்காகக் குத்தியது அல்ல.

ஒன்றரை வயதில் தடத்தில் இறக்குகிறார்கள். மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகம் வரை போகும் உடம்பு அது. வளைவில் முட்டிமோதும்போது கால் ஒடிகிறது. தப்பித்தவை மூன்று, நான்கு வயதில் வேகம் குறைந்து வெளியே தள்ளப்படுகின்றன. இப்படி ஒரு நாய் முதன்முதலாக ஒரு வீட்டுக்குள் வரும்போது அதற்கு மாடிப்படி ஏறத் தெரியாது. கண்ணாடிக் கதவைத் திறந்த வாசல் என்று நினைத்து மோதிக்கொள்ளும். கூண்டிலேயே வளர்ந்த பிராணிக்குக் கண்ணாடியும் படியும் எப்படித் தெரியும்? கொழுப்பே இல்லாத உடம்பில் காகிதம் போன்ற தோல். வேலிக்கம்பி உரசினால் கிழிந்து தையல் போட வேண்டிவரும். பழைய மயக்க மருந்துகளில் சில இதன் உடம்பை விட்டு இறங்கவே நெடுநேரம் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக எலும்புப் புற்றுநோய். ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளை மற்ற இனங்களைவிட மிக அதிகமாகத் தாக்குகிற நோய் அது. நேற்றுவரை ஓடிய நாய் ஒருநாள் முன்னங்காலைத் தூக்கி நொண்டும். சுளுக்கு என்று நினைத்து எடுத்துப் போனால், எக்ஸ்ரேயில் எலும்பு அரித்துப் போயிருக்கும்.

எடுத்து வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்தே இருக்கிறது. குட்டியாக வாங்கிப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு கொஞ்சுகிற வாய்ப்பு தங்களுக்கு இல்லை, பாதி வாழ்க்கையை வேறொருவன் எடுத்துக்கொண்டான், மிச்சம்தான் தங்கள் பங்கு என்று தெரிந்து கையெழுத்துப் போடுகிறார்கள். ‘தெரிஞ்சே ஏன் துக்கத்த விலைக்கு வாங்குறீங்க?’ என்று அக்கறையோடு கேட்கிறவர்கள் உண்டு. வயதான பெற்றோரைக் கடைசி வருஷங்களில் கிராமத்திலிருந்து அழைத்து வந்து வைத்துக்கொள்ளும் பிள்ளையிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

இந்தக் குடும்பங்கள் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது ஊகம் அல்ல. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், முன்னாள் உயர்நீதிமன்ற நீதிபதி மைக்கேல் மெக்ஹ்யூ தலைமையிலான விசாரணை ஆணையம் 2016இல் அறிக்கை தந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த மாநிலத்தில் 97 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிரேஹவுண்டுகளைப் பிறப்பித்தார்கள். அவற்றில் குறைந்தது 48 ஆயிரம், அதிகபட்சம் 68 ஆயிரம் நாய்களை, வேகம் போதவில்லை என்பதற்காகக் கொன்றிருக்கிறார்கள். சரிபாதி அல்லது அதற்கும் மேல். இங்கிலாந்தின் சீஹாம் என்ற ஊரில் ஒருவர் நாய்க்குப் பத்து பவுண்டு வாங்கிக்கொண்டு கிரேஹவுண்டுகளைச் சுட்டுத் தன் நிலத்தில் புதைத்துவந்ததை 2006இல் ஒரு ஞாயிறு இதழ் அம்பலப்படுத்தியது. பதினைந்து ஆண்டுகளில் பத்தாயிரம் நாய்கள் இருக்கும் என்றது அந்தச் செய்தி. வழக்கு என்ன ஆயிற்று? அனுமதி இல்லாமல் நிலத்தில் கழிவைப் புதைத்த குற்றத்துக்கு அபராதம் 2,000 பவுண்டு, அதோடு வழக்குச் செலவு. உயிருக்கு அங்கே கணக்கே எழவில்லை.

கழிவு என்று ஒரு நாட்டுச் சட்டம் எழுதிவைத்த உடம்பைத்தான், தன் வீட்டு உயிர் என்று ஒரு குடும்பம் குளிப்பாட்டிப் பூப்போட்டுப் புதைக்கிறது. இதைக் காசுக்கொழுப்பு என்று சொல்ல எப்படி மனம் வரும்?

2004இல் வேல்ஸில் ஃபோக்ரியூ ஊருக்கு அருகே மலைச்சரிவில் ஒரு கிரேஹவுண்ட் கிடந்தது. தலையில் சுட்டிருந்தார்கள். காதில் குத்திய எண்ணை வைத்து உரிமையாளனைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று இரண்டு காதுகளையும் அறுத்திருந்தார்கள். உயிர் போகவில்லை. ஆட்கள் பக்கத்தில் போனபோது அது வாலை ஆட்டியது. பிழைக்க வழியில்லாததால் ஊசி போட்டு வேதனையை முடித்தார்கள். அந்த நாயின் பெயர் ரஸ்டி. காதை அறுத்த பிறகும் விசாரணை ஆளைப் பிடித்தது, சிறைத் தண்டனையும் கிடைத்தது. தமிழில் நாலடியார் இந்தக் காட்சியை எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறது. பழகிய பாகனையே கொல்லும் யானையோடு ஒப்பிட்டு, எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதும் எறிந்தவனைப் பார்த்து வாலாட்டும் நாயைப் போன்றவரின் நட்பையே தேடிக்கொள்ளச் சொல்கிறது அது. நாயைப் பற்றித் தமிழன் யோசித்தது வெள்ளைக்காரன் கப்பலேறுவதற்கு வெகுகாலத்துக்கு முன்பு.

ஆகவே, இரவல் பழக்கம் என்ற பேச்சுக்கு வருவோம். இதில்தான் நம்மவர்களின் அறியாமை அதிகம்.

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்போனது. அங்கே எடுத்தனூரில் ஒரு நடுகல், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமை மந்தையைக் கவர வந்தவர்களோடு மோதி இறந்த கருந்தேவக்கத்தி என்ற இளைஞனுக்கு எடுத்த கல். ஆயுதத்தோடு நிற்கும் வீரனின் அருகே ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கியதோடு நிற்கவில்லை. கள்ளனைக் கடித்து, விழுந்தவனைக் காத்து நின்றது என்று அந்த நாய்க்குத் தனியாக வாசகம் பொறித்து, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதினார்கள். கல்லில் ஒவ்வொரு எழுத்தும் உளியடி, கூலி, நேரம். மன்னனின் பெயர் பொறித்த அதே கல்லில் ஒரு நாயின் பெயருக்கு இடம் ஒதுக்கியவர்கள் பணத்தில் புரண்டவர்கள் அல்லர். எருமை மேய்த்துப் பிழைத்த ஊர்க்காரர்கள்.

அதைவிட நெருக்கமான சான்று ஒன்று உண்டு. கி.பி. 949இல் அரக்கோணத்துக்கு அருகே தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். கொன்றவன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். அந்தப் போரில் பெயரெடுத்த மணலேரன் என்ற வீரனிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது, அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. பிறகு ஒருநாள் காளியைப் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின்மேல் ஏவினார்கள். இரண்டும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. கர்நாடகத்தின் ஆதகூரில் ஒரு சிவன் கோயிலின் முன்னே காளிக்குக் கல் நட்டார்கள். கல்லின் தலைப்பகுதியில் நாயும் பன்றியும் நேருக்கு நேர் பாய்கிற சிற்பம், சுற்றிலும் எழுத்து. கல்லைப் பூசிப்பதற்கு நிலம் விட்டார்கள். அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி சாப்பிட்டால் நாயின் பாவம் அவனைச் சேரும் என்றும் எழுதினார்கள். இன்று அந்தக் கல் பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

காளி யார்? மனிதரின் விளையாட்டுக்காக ஓடவிட்ட நாய். கிரேஹவுண்டைப்போலவே விரட்டிப் பிடிக்கப் பழக்கிய நாய். அந்த விளையாட்டில் செத்தது. ஓடவிட்டவர்கள் அதன் சாவுக்குத் தாங்கள் பட்ட கடனை நிலமாகவும் பூசையாகவும் கட்டினார்கள். நாயின் படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று முகம் சுளிக்கிறவர்கள் ஆதகூர்க் கல்வெட்டைத் தெரிந்துகொள்ளட்டும். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், தேய்பிறை அஷ்டமியன்று மயிலாப்பூரில் பைரவர் சந்நிதிக்குப் போகிறவர்கள், பைரவருக்கு அருகில் நிற்பது எந்தப் பிராணி என்று பார்த்தாலே போதும்.

பணக்காரர் சமாச்சாரம் என்பதும் நிற்காது. மானாமதுரை பக்கம் பிராமணக்குறிச்சியில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், 2021 ஜனவரியில் இறந்த தன் நாய் டாமுக்குச் சிலை வைத்துச் சிறு கோயில் கட்டினார். அடுத்த ஆண்டு அந்தச் செய்தி நாடெங்கும் போனது. பலர் சிரித்தார்கள். அவர் கோடீஸ்வரர் அல்லர், சேமிப்பிலிருந்து செய்தார். கோவிலைக் கூட விடுங்கள். தமிழ்நாட்டின் எத்தனையோ தெருக்களில், ஊர் நாய் ஒன்று லாரியில் அடிபட்டுச் செத்ததும் இளைஞர்கள் ஆளுக்குப் பத்து, இருபது போட்டு ‘கண்ணீர் அஞ்சலி’ பேனர் கட்டுகிறார்கள். நாயின் படம், பெயர், தோற்றம், மறைவு, கீழே வரிசையாக நண்பர்கள் பெயர்கள். மாலை போட்டு, மேளம் வைத்து எடுத்துப் போய்ப் புதைத்த ஊர்களும் உண்டு. இந்தப் பேனர்களைக் கட்டுகிறவர்கள் எந்த அடுக்குமாடியிலும் குடியிருப்பவர்கள் அல்லர். பட்டினப்பாக்கத்தில் வாரியக் குடியிருப்பின் நடைபாதையிலும் படகடி மணலிலும் படுத்திருக்கிற நாய்களுக்கு வீட்டுப் பெயர் இருக்கிறது. மீன் வெட்டும் பெண்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தலையையும் குடலையும் வீசுகிறார்கள். நாய்மேல் பாசம் என்பது வருமானச் சான்றிதழ் கேட்டு வருவதில்லை. பணக்காரரிடம் மட்டும் இருப்பது புதைக்கச் சொந்த இடம். அடுக்குமாடியிலும் வாரியக் குடியிருப்பிலும் இருப்பவருக்கு அதுவும் கிடையாது. இரவோடு இரவாக யாருக்கும் தெரியாமல் மணலில் குழி தோண்டும் நிலை அவர்களுடையது. இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்துப் பேசினால் அதில் நியாயம் இருக்கும். துக்கத்தைப் பழிப்பதில் நியாயம் இல்லை.

மனிதரைச் சொல்லும் வாதம் மட்டும் கனமானது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

சீனிவாசபுரம் 2004 சுனாமியில் அடிவாங்கிய பகுதி. 2024 டிசம்பரில், பழுதடைந்த வாரியக் குடியிருப்பின் மேல்தளத்திலிருந்து ஜன்னல் சிலாப் பெயர்ந்து விழுந்து அங்கே ஓர் இளைஞர் இறந்தார். இப்படிச் சாகிற ஊரில் நாய்க்கு விளக்கேற்றுவதா என்று கேட்பவரின் கோபம் உண்மையானது. கேள்வி ஒன்றுதான்: நாய்க்கு அழாமல் இருந்தால் அந்தச் சிலாப் விழாமல் இருந்திருக்குமா? கட்டடத்தைப் பழுது பார்க்காமல் விட்டவர்கள் நாய்க்காக அழுதுகொண்டிருந்ததால் விடவில்லை. இரக்கம் அளந்து வாங்கிய மண்ணெண்ணெய் அல்ல, ஓரிடத்தில் ஊற்றினால் இன்னோரிடத்தில் குறைவதற்கு.

வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. அடையாற்றுக்கு அந்தக் கரையில் கலாக்ஷேத்ராவை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல், 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே விலங்கு வதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நாட்டில் சோற்றுக்குப் பஞ்சம் இருந்த காலம் அது; மனிதரைக் கவனித்துவிட்டு மாட்டைக் கவனிக்கலாம் என்று அவருக்கும் சொல்லியிருக்க முடியும். அவர் விடவில்லை. 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அதே ஊரில் விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கியது புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு. சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்த காலத்திலேயே, கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்று அவர்கள் அறுபதுகளில் செய்துகாட்டினார்கள். மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது தொண்ணூறுகளின் நடுவில்.

ரேபிஸ் பயம் நியாயமானது. உலகின் ரேபிஸ் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இறப்பவர்களில் பலர் குழந்தைகள். ஆனால் இறந்த நாயின் தேதியை நினைவில் வைத்திருக்கிற வீடு, உயிரோடிருந்தபோது அதன் ஊசித் தேதியை மறந்த வீடாக இருக்காது. தெருவில் கடிக்கிற நாயை உண்டாக்குபவர், சலித்துப்போனதும் காரில் ஏற்றிக்கொண்டுபோய் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறக்கிவிடுகிறவர். ‘நாய்தானே’ என்று சொல்வது அவருடைய வாய்.

அந்தச் சொல்லுக்குக் கூடவே வரும் யோசனை, ‘இன்னொண்ணு வாங்கிக்கோங்க.’ ஆறுதலாகச் சொல்வதுதான், ஆனால் இதைவிடக் கொடுமையான ஆறுதல் கிடையாது. பந்தயத் தொழில் நடப்பதே இந்த ஒரு கொள்கையில். ஒன்று போனால் இன்னொன்று என்பதால்தான் நியூ சவுத் வேல்ஸில் அத்தனை குட்டிகளைப் பிறப்பித்தார்கள்.

நமக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. கிரேஹவுண்டின் சாதியைச் சேர்ந்த ஓட்ட நாய்கள் நம் கரிசல் காட்டிலேயே இருக்கின்றன. விருதுநகர், கோவில்பட்டி வட்டாரத்துச் சிப்பிப்பாறையும் கன்னியும் நீண்ட கால், ஒட்டிய வயிறு, கூர்த்த முகம் கொண்டவை. கண்ணால் பார்த்து விரட்டுபவை. முயலைத் துரத்துவதற்கென்றே வளர்த்தார்கள். முயல் வேட்டை சட்டப்படி குற்றமான பிறகும் திருட்டுத்தனமாக அது தொடர்கிறது. நாய் ஓட்டப் போட்டிகளும் அங்கங்கே நடந்திருக்கின்றன. 2005இல் ராஜபாளையத்துக்குத் தபால்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். குட்டிகளுக்குக் கிராக்கி ஏறியது. நாட்டு நாய் வளர்க்கிறோம் என்று பெருமையாக வாங்கியவர்களில் சிலர், இரண்டு அறை வீட்டில் அந்த ஓட்டத்துக்கு இடம் போதாது என்று எட்டாம் மாதத்தில் உணர்ந்தார்கள். காப்பகங்களில் ஒட்டிய வயிற்றோடு நிற்கும் சிப்பிப்பாறைகள் அப்படி வந்தவை. வயதாகி ஓட முடியாமல் போன வேட்டை நாய்க்கு ஊரில் என்ன கதி என்று யாரும் கணக்கெடுத்ததே இல்லை. பெருமை பேச இனத்தின் பெயர் போதும் என்பவர்கள், தனி ஒரு நாயின் பெயரை நினைவில் வைத்திருப்பவரைக் கேலி செய்ய உரிமை அற்றவர்கள்.

பந்தயக்காரர்களும் நினைவுச்சின்னம் வைக்கத்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். வைக்கிறார்கள், ஜெயித்த நாய்க்கு. 1929இலும் 1930இலும் இங்கிலாந்தின் கிரேஹவுண்ட் டெர்பியை வென்ற மிக் தி மில்லர் 1939இல் இறந்ததும் பாடம் செய்யப்பட்டது. இன்றும் டிரிங் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. பந்தயத்தின் புகழைப் பாடும் சின்னம் அது. பத்தாவதாக வந்த நாயை அந்தத் தொழில் ஒருபோதும் நினைப்பதில்லை. அதை நினைப்பவர்கள் அதை எடுத்து வளர்த்தவர்கள் மட்டுமே. அந்த வீடுகள் வாய் மூடிக்கொண்டால், பத்தாவதாக வந்த நாய்க்குச் சாட்சியே இல்லாமல் போகும்.

சாட்சி வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மக்காவ் நகரின் கானிட்ரோம் பந்தயத் தடத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து நாய்கள் போய்க்கொண்டிருந்தன. அங்கிருந்து உயிரோடு வெளியேறிய நாய் மிக அரிது. 2011வாக்கில் அங்கே அடைபட்டிருந்த புரூக்ளின் என்ற ஒரே ஒரு நாயின் பெயரை முன்னிறுத்தி ஒரு இயக்கம் தொடங்கியது. ‘நாய்களைக் காப்பாற்றுங்கள்’ என்றால் யாருக்கும் உறைக்கவில்லை. புரூக்ளினைக் காப்பாற்றுங்கள் என்றபோது உறைத்தது. 2018 ஜூலையில் தடம் மூடப்பட்டது. கூண்டுகளில் மிஞ்சிய ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வீடு தேடிப் போயின, புரூக்ளின் உட்பட. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நாய்ப் பந்தயத்தை நிறுத்தலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். நாட்டில் எஞ்சியிருந்த 17 தடங்களில் 11 அந்த மாநிலத்தில். 69 சதவீதம் பேர் நிறுத்து என்றார்கள். ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் பக்கத்து வீட்டில் ஒரு கிரேஹவுண்ட் படியேறக் கற்றுக்கொண்டதையும், புற்றுநோயில் இறந்ததையும் பார்த்திருப்பார்கள்! இன்று அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் இரண்டு தடங்கள் மட்டும் மிச்சம். நியூசிலாந்து 2026க்குள் நிறுத்துவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. வேல்ஸ் 2025 பிப்ரவரியில். ரஸ்டியின் காதை அறுத்த அதே வேல்ஸ்.

இந்தியாவில் பஞ்சாபின் கிராமங்களில் கிரேஹவுண்டுகள் இன்னும் ஓடுகின்றன. 2001ஆம் ஆண்டின் விதிகளின்படி வேடிக்கைக்குப் பயன்படுத்தும் விலங்கை விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். வயல்வெளியில் ஓடும் நாய்க்குப் பதிவேது? நாளை அவற்றில் ஒன்று சென்னைக்கு ரயிலேறி வந்தால், அதை எடுக்க முன்வருகிற குடும்பத்தை நாம் எப்படி நடத்தப் போகிறோம் என்பதும் இந்தக் கேலிப் பேச்சில் அடங்கியிருக்கிறது. எடுத்து வளர்ப்பது பைத்தியக்காரத்தனம், அழுவது அதைவிடப் பைத்தியக்காரத்தனம் என்று ஊரே சொன்னால், அடுத்த குடும்பம் எதற்கு முன்வரும்?

நினைவில் மிகை இருக்கலாம். நாய்க்குப் பிறந்தநாள் கேக், இறந்தநாள் மேடை என்று போகிறவர்களும் உண்டு. அதை இங்கே நியாயப்படுத்தவில்லை. பயனுள்ள நினைவு எது என்பதற்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் கில்லெர்மோ கூட்டோ, ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளின் ரத்தத்தையும் நோய்களையும் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார். இந்த இனத்துக்குச் சிவப்பணு இயல்பிலேயே அதிகம், தட்டணுவும் தைராய்டு அளவும் இயல்பிலேயே குறைவு என்பதை மருத்துவ உலகம் தெளிவாகத் தெரிந்துகொண்டது இத்தகைய வேலையால். அதற்கு முன் நல்ல உடம்போடு இருந்த நாய்களுக்கு நோய் என்று சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார்கள். நாயை நேசித்தவர்கள் ரத்தமும் குறிப்பும் கொடுத்திருக்காவிட்டால் அந்த அறிவு சேர்ந்திருக்காது.

1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிற ஊர் இது. சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும், வந்துசேரும் கிரேஹவுண்டுகளுக்கும் அப்படி ஒரு பதிவேடு இங்கே தொடங்க முடியும். கூடவே, வாரியக் குடியிருப்பில் இருப்பவரும் தன் நாயைக் கௌரவமாக அடக்கம் செய்ய மாநகராட்சி மண்டலத்துக்கு ஓர் இடமாவது கட்டணமின்றித் தர வேண்டும். துக்கப்படுகிற குடும்பங்கள் தங்கள் பங்குக்கு ஒரு நோட்டு எடுத்து எழுதட்டும்: நாய் எங்கே பிறந்தது, காதில் என்ன எண், யாரிடம் ஓடியது, எந்தக் கால் ஒடிந்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எத்தனை வயதில் எந்த நோயில் போனது, வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுதியதில் ஒரு நகலை மருத்துவம் பார்த்த டாக்டரிடம் கொடுத்துவிட்டு வரட்டும்.